பதிவேட்டில் ஏறாத வாடை: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் நீங்கள்தான் என்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

புறவழிச்சாலையில், மேம்பாலம் இறங்கும் இடத்தில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி, உறுப்பினர்களுக்கு மது பரிமாறும் ஒரு மனமகிழ் மன்றம் வரப்போகிறது. அதற்கு அனுமதி தர வேண்டாம் என்று எங்கள் தெருவிலும் பக்கத்துக் காலனியிலும் கையெழுத்து வாங்கி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மது அருந்தி வாகனம் ஓட்டியதால் ஏற்பட்ட உயிரிழப்புகள் பதிவேடுகளின்படி மிகக் குறைவு என்பதால் மனு முடித்து வைக்கப்படுகிறதாம்.

அந்தப் பதிவேடுகள் எப்படி எழுதப்படுகின்றன என்று எனக்குத் தெரியும். முப்பத்தோரு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவமனைகளில், அவசர சிகிச்சைப் பிரிவில். பணியில் இருந்தவரை இப்படி வெளிப்படையாக எழுத நடத்தை விதிகள் விடாது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன்.

இரவு பத்தரைக்கு 108 வந்து நிற்கும். ஸ்டிரெச்சரை இறக்கும்போதே வாடை வந்துவிடும், ரத்த வாடையையும் மீறி. எங்கள் கவனமெல்லாம் மூச்சுப் போகிறதா, ரத்தம் நிற்கிறதா என்பதில் இருக்கும். அதில் தவறே இல்லை, உயிர்தான் முதல் வேலை. பிறகு டூட்டி டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தை, அதாவது விபத்துப் பதிவேட்டை, திறப்பார். யார், எங்கே, எந்த வண்டி, எத்தனை மணி, என்னென்ன காயம். அதோடு 'மூச்சில் மது வாடை உள்ளது' என்று ஒரு வரி எழுதலாம். எழுதாமலும் விடலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் அடுத்த அரை மணி நேரம் வராந்தாவில் மன்றாட்டு நடக்கும்.

அம்மாவோ மனைவியோ முதலில் கேட்பது, உயிர் இருக்கா என்று. சிறிது நேரத்தில் உலகம் தெரிந்த சித்தப்பா ஒருவர் வந்து சேருவார். "சிஸ்டர், வாடைன்னு மட்டும் எழுதிட வேண்டாம்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர். எழுதிட்டா இன்சூரன்ஸ் வராதாம். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு." வேலைப்பளுவில் இருக்கும் டாக்டருக்கு அந்த வரியை விட்டுவிடுவது சுலபம். எழுதினால் பல வருடம் கழித்து ஏதோ ஒரு ஊர் நீதிமன்றத்தில் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

நானும் அந்த வராந்தாவில் நின்றிருக்கிறேன், எதிர்ப் பக்கத்தில். என் தம்பி குலதெய்வம் கோயில் கிடா வெட்டுக்குப் போய்விட்டு இரவு பைக்கில் திரும்பினான். விளக்கு எரியாமல் ஓரத்தில் நின்ற லாரியின் பின்பக்கத்தில் மோதினான். தகவல் கிடைத்து, யூனிஃபார்மோடு ஓடினேன். டாக்டர் பேனாவை எடுத்தபோது நான்தான் கேட்டேன், அதை விட்டுவிடுங்கள் சார் என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார். தம்பி மனைவிக்குப் பணம் வந்தது. அவள் பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். அதற்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை. ஆனால் உங்கள் அலுவலகம் 'மிகக் குறைவு' என்று எழுதியிருக்கிறதே, அந்தக் குறைவில் ஒன்று நான் குறைத்தது.

மறுநாள் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை. அதில் வரும் வாசகத்தை நீங்களும் நூற்றுக்கணக்கான முறை படித்திருப்பீர்கள்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. குடித்தவர், தூங்கிப்போனவர், செல்போன் பார்த்தவர், எதிர்த்திசையில் வந்தவர் எல்லாருக்கும் அதே வாசகம்தான். எழுதுகிற ஏட்டையாவைக் குறை சொல்ல மாட்டேன். வேகம் என்று எழுத எந்தக் கருவியும் தேவையில்லை, நசுங்கிய வண்டியே போதும். மது என்று எழுத அவருக்கு ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் எங்களிடமிருந்து போயிருக்காது.

இப்படிச் சேர்ந்த காகிதங்கள்தான் டெல்லி வரை போகின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாட்டில் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் பத்துக்கு ஏழு மரணம் அதிவேகத்தின் கணக்கில். மதுவும் போதைப்பொருளும் சேர்ந்தே நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 பேர், அடுத்த ஆண்டு 18,347 பேர் இறந்தார்கள். 2023இல் இங்கே நடந்த விபத்துகள் 67,213, நாட்டிலேயே அதிகம். இதே மாநிலத்தில் 2024-25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். இந்த எண்களை வைத்துக்கொண்டு அந்த மூன்று சதவீதத்தை நம்ப என்னால் முடியவில்லை. முப்பத்தோரு வருடம் மோந்து பார்த்த மூக்கும் நம்ப மறுக்கிறது.

சரியான எண் எது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. யாரும் அளக்கவில்லை. அளக்காததைக் 'குறைவு' என்று எழுதி ஒரு மனுவை முடித்து வைத்திருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அளப்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்தில் சிக்கிய ஓட்டுநர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தாலும் அவரைச் சோதிக்க 203ஆம் பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதிக்காவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202. நேரம் எவ்வளவு முக்கியம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வீதம் உடல் ஆல்கஹாலைக் கரைத்துவிடும். போலீஸ் வந்து, மெமோ எழுதி, டாக்டரைத் தேடி, ரத்தம் எடுப்பதற்குள் சாட்சியம் தானாகக் கரைந்துகொண்டிருக்கும்.

ஆனால் நடைமுறையில் டாக்டர்கள் கொடுக்கும் சான்றிதழைப் பாருங்கள். 'மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் பாதிப்பில் இல்லை.' கண்மணி எப்படி இருக்கிறது, நாக்கு குழறுகிறதா, நேர்க்கோட்டில் நடக்கிறாரா என்று பார்த்து எழுதும் அந்தக் காலத்து வாசகம் இது. சட்டம் எண்ணுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் இன்னும் நடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பழகின குடிகாரர் மூன்று மடங்கு ஏற்றிக்கொண்டும் கோடு பிசகாமல் நடப்பார். 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, அறுபது கிலோ ஆளின் ரத்தத்தில் 100 மில்லிகிராமைத் தாண்டப் போதும். "ஒரு கட்டிங்தான் சிஸ்டர்" என்று சொல்பவர்களிடம் நான் வாதாடியதில்லை. எண் கையில் இருந்தால் வாதாட வேண்டியதும் இல்லை.

ரத்தம் எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கம்போல ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசி போட்டால் அந்த மாதிரி கெட்டுப்போகும், எதிர்த் தரப்பு வக்கீல் அதை ஒரே கேள்வியில் தூக்கி எறிவார். ஆல்கஹால் இல்லாத திரவத்தால்தான் துடைக்க வேண்டும். சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் எடுக்க வேண்டும், அதில்தான் மாதிரியைக் கெடாமல் காக்கும் ஃப்ளூரைடு இருக்கும். முத்திரை வைத்து, யார் எடுத்தார், யார் வாங்கினார், எத்தனை மணி என்று எழுதி, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதை எத்தனை இளம் செவிலியருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் சாம்பல் மூடி டியூப் சர்க்கரைப் பரிசோதனைக்கென்று லேபில் பூட்டியிருக்கும். இரவில் சாவி கிடைக்காது.

2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தபோது, காரை ஓட்டிய சிறுவனின் ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்கள் கைதானார்கள். நாடே கொதித்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. எங்கள் பக்கம் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. எடுத்தால்தானே மாற்றுவதற்கு!

ஒரு விடியற்காலையைச் சொல்ல வேண்டும். ஐந்தே முக்கால் இருக்கும். பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் நடந்துபோன ஒரு அம்மாவைக் காய்கறி ஏற்றிவந்த குட்டியானை வேன் அடித்துவிட்டது. கொண்டு வரும்போதே உயிர் இல்லை. சேலை முழுக்கப் பால். ஓட்டிவந்த பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். நெற்றியில் சின்ன வெட்டு. நான்தான் தையலுக்குத் தயார் செய்தேன். நின்றான், தெளிவாகப் பேசினான், "அக்கா, அந்தம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்டுக் கேட்டு அழுதான். குனிந்தபோது வாடை வந்தது. புது வாடை இல்லை, நேற்றைய வாடை. ராத்திரி எத்தனை மணிக்குடா என்றேன். பத்து மணிக்கு, கடை மூடும்போது, ரெண்டு பேராக ஒரு ஆஃப் பாட்டில், அப்புறம் கூட்டாளி வாங்கி வைத்திருந்த இன்னொன்று என்றான். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறான்.

ஒருவன் ஒரு ஆஃப் அளவு குடித்திருந்தால் காலை ஆறு மணிக்கும் அவன் ரத்தம் வரம்புக்கு மேல்தான் இருக்கும். அது அவனுக்கும் தெரியாது, வந்த போலீசாருக்கும் தோன்றவில்லை. விடியற்காலை விபத்தில் மதுவை யார் நினைப்பார்கள்? ரத்தம் எடுக்கச் சொல்லி மெமோ வரவில்லை. நான் டாக்டரிடம் சொன்னேன். போலீஸ் கேட்காமல் நாம் எடுத்தால் பிரச்சினை சிஸ்டர் என்றார். அந்த அம்மாவின் மரணமும் அதிவேகமும் அஜாக்கிரதையும்தான். உங்கள் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கும்.

இதே அரசு நல்ல காரியமும் செய்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தபின் முதல் இரண்டு நாள் சிகிச்சைக்குப் பணம் எங்கே என்று குடும்பங்கள் தாலியைக் கழற்றி நின்ற காட்சியை நான் குறைவாகவே பார்த்தேன். அடிபட்டு வந்தவரைக் காப்பாற்ற இவ்வளவு செலவு செய்ய மனமிருக்கிறது. எதனால் அடிபட்டார் என்று பார்க்க ஒரு டியூப் செலவழிப்பதில்தான் தயக்கம். நீலகிரியில் 2022இல் காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று ஆரம்பித்து, பிறகு வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தார்கள். காட்டு விலங்கின் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்பதற்காக உயர்நீதிமன்றம் சொல்லி நடந்தது, நல்லதுதான். விற்ற பாட்டில் எங்கே போனது என்று கணக்கு வைக்க முடிகிறது. அதற்குள் இருந்தது எங்கே போனது என்றுதான் கணக்கு இல்லை.

மனமகிழ் மன்றத்துக்கு வருகிறேன். உறுப்பினர்கள் மட்டும் கூடிப் பேசவும் சீட்டாடவும் டென்னிஸ் விளையாடவும் என்று எஃப்.எல்.2 உரிமம் எடுத்து, உள்ளே நடப்பது என்ன என்று உங்களுக்கு நான் விளக்கினால் அது உங்களை அவமதிப்பதாகும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கே தமிழ்நாட்டிலிருந்து போனதுதான், வழக்கறிஞர் பாலு தொடுத்தது. 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் தந்தது. எங்கள் புறவழிச்சாலைப் பகுதி முன்பு ஊராட்சி. அண்மையில் நகராட்சியோடு சேர்த்தார்கள். குடிதண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை, தெருவிளக்கு பாதிதான் எரிகிறது. மனமகிழ் மன்றம் மட்டும் முந்திக்கொண்டு வருகிறது! நகரத்துக்குள் ஓடும் சாலைகளை மனத்தில் வைத்துத் தந்த விளக்கம், நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடும் சாலைக்குப் பொருந்துமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே நடந்துவந்து குடிக்க யாரும் இல்லை. கட்டட வரைபடத்தில் காட்டியிருக்கும் வாகன நிறுத்தத்தைப் பாருங்கள், மன்றத்தைவிடப் பெரியது.

நான் மதுவிலக்கு கேட்டு எழுதவில்லை. குடிப்பவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், எதிரே வருபவரும் போய்ச் சேர வேண்டும். டாஸ்மாக் மூடுவது இரவு பத்து மணிக்கு. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போகும் கடைசி டவுன் பஸ் எட்டு ஐம்பதுக்கு. பத்து மணிக்கு வெளியே வருகிறவன் பைக்கைத் தவிர எதில் போவான்? பஸ் ஸ்டாண்டு எதிரில் சனிக்கிழமை ராத்திரி நின்று ஊதச் சொல்லும் போலீசாரை எல்லோருக்கும் தெரியும், பெருமாள் கோயில் சந்து வழியாகப் போனால் அவர்களைத் தவிர்க்கலாம் என்பதும் தெரியும். சிட்னியில் இருக்கும் என் அக்கா மகள் சொல்வாள், அங்கே காலை எட்டு மணிக்கு, பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போதும் நிறுத்தி, மூச்சைச் சோதிக்கும் கருவி முன்னால் ஒன்று இரண்டு எண்ணச் சொல்வார்களாம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982லிருந்து இப்படித்தான், யாரை வேண்டுமானாலும், எந்த நேரத்திலும். சந்தேகம் வந்தால்தான் சோதனை என்று இருந்திருந்தால் அந்தக் குட்டியானைப் பையன் அங்கேயும் தப்பியிருப்பான்.

நான் கேட்பவை இவை.

எங்கள் மனுவை முடித்து வைத்த உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். 'பதிவேடுகளின்படி' என்று சொல்வதானால், எத்தனை விபத்துகளில் ஓட்டுநரின் ரத்தமோ மூச்சோ சோதிக்கப்பட்டது, எத்தனையில் இல்லை என்ற இரண்டு எண்களையும் எழுத்துப்பூர்வமாகத் தாருங்கள். அந்த எண்கள் வரும்வரை, குறைந்தது ஆறு மாதம், புறவழிச்சாலையில் மனமகிழ் மன்றத்துக்கோ வேறு மதுக்கூடத்துக்கோ தடையில்லாச் சான்று தர வேண்டாம். உரிமம் தருவது உங்கள் கையில் இல்லை என்று பதில் வரலாம். சர்வீஸ் ரோட்டிலிருந்து நுழைவு வழி கூடாது என்று சாலைப் பாதுகாப்புக் குழு எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது.

மாவட்டத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளிலும், உயிரிழப்போ பெருங்காயமோ நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும், சம்பந்தப்பட்ட எல்லா ஓட்டுநர்களின் ரத்தமும் எடுக்கப்பட வேண்டும். காலை விபத்தானாலும் சரி. போலீஸ் மெமோவுக்கு டாக்டர் காத்திருக்காதபடி, காவல் கண்காணிப்பாளரும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரும் சேர்ந்து ஒரு நிலையாணை வெளியிடட்டும். இறந்த ஓட்டுநர்களுக்குப் பிரேதப் பரிசோதனையில் அதைச் செய்ய வேண்டும். 'பாதிப்பில் இல்லை' என்ற வாசகத்தை விட்டு மில்லிகிராம் எழுதட்டும். அவசரப் பிரிவு டிராலியிலேயே டியூபும் முத்திரை அரக்கும் இருக்கட்டும், பூட்டிய அறையில் வேண்டாம். ஆய்வக முடிவு வந்ததும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிய ஐராட் விபத்துப் பதிவில் அது சேர வேண்டும். மாதாந்திரக் குழுக் கூட்டத்தில் அந்த எண் உரக்க வாசிக்கப்பட வேண்டும்.

எழுதினால் பணம் போய்விடும் என்ற பயம் தீராமல் வராந்தா மன்றாட்டு நிற்காது. ஓட்டுநர் குடித்திருந்தாலும், அடிபட்ட மூன்றாம் நபருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் உட்பட நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் அச்சடித்து அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். குடித்து இறந்தவரின் பிள்ளைகளுக்கு வேறு வழியில் என்ன உதவி கிடைக்கும் என்பதையும் அதில் சேருங்கள். என் தம்பி குடும்பம் போன்றவர்களுக்குப் பொய்யைத் தவிர ஒரு வழி இருக்கட்டும்.

இரவு பத்தேகாலுக்கு கிழக்கேயும் மேற்கேயும் ஒவ்வொரு டவுன் பஸ் விடப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதுங்கள். இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நான் தீவிரமாகத்தான் கேட்கிறேன்.

ரத்தம் எடுக்கும் முறையைச் செவிலியர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். அரை நாள் போதும். அடுத்த திங்கள்கிழமை பழைய மனுவின் ரசீதோடு உங்கள் அலுவலகத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்